மூச்சு வாங்காத அமிர்தவர்ஷிணி

இது உண்மையில் நடந்தது. எல்லாப் பேய்க் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்பது எனக்கும் தெரியும். என் நிலைமை இன்னும் மோசம். எங்கள் கல்லூரிப் பத்திரிகையில், முதல்வரின் வழுக்கைத் தலையில் ஒரு விண்கலம் தரையிறங்கி அங்கே உயிர்கள் வாழ வாய்ப்பில்லை என்று தகவல் அனுப்பியதாகச் செய்தி எழுதியவன் நான். அதற்காக ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றவன். என்னை நம்புங்கள் என்று நான் சொன்னால், அம்மாவே இரண்டாவது சாட்சி கேட்பாள்.

இரண்டாவது சாட்சி இருக்கிறார். இப்போதெல்லாம் அவர் போனை எடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேய்க் கதைக்கு நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். மன்னிக்கவும். இது மதியம் மூன்று மணிக்கு நடந்தது. நாய் படிக்கட்டு நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அக்கா பாடகி. கர்நாடக சங்கீதம். அவளுக்குத் தொண்டையில் முடிச்சு மாதிரி ஏதோ வந்து, சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். "ஒரு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. முனகக்கூடக் கூடாது. நான் கேமரா விட்டுப் பாத்துட்டுச் சரின்னு சொன்ன அப்புறம்தான் சத்தமே" என்றார் டாக்டர். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டின் பொற்காலம். அக்கா என்னைப் போனில் தட்டச்சு செய்து திட்டுவாள். நான் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பேன். அடி விழும். அடிக்குத்தான் டாக்டர் தடை போடவில்லையே.

ஆனால் அக்காவுக்கு அது பொற்காலம் இல்லை. வெளியூரில் ஒரு பெரிய சங்கீத அமைப்பு, மழைக்காலத்தில் விழா நடத்தும். முப்பது வயதுக்கு உட்பட்ட ஒரே ஒருவருக்கு மேடை தருவார்கள். மழை ராகம் ஏதாவது ஒன்றை, தம்பூரா மட்டும் வைத்துக்கொண்டு, அரைமணி நேரம் நிறுத்தாமல் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அக்கா வருடா வருடம் அனுப்பினாள். வருடா வருடம் "மிக நன்று, வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு முப்பது நிறைகிறது. இதுதான் கடைசித் தடவை.

அனுப்பக் கடைசி நேரம் மாலை ஆறு மணி. டாக்டர் வரச் சொன்னது மறுநாள் காலை.

"ஒரு நாள் முன்னாடி பாடினா தொண்டை ஒண்ணும் வெடிச்சிடாது" என்று தட்டச்சு செய்து காட்டினாள்.

"வெடிச்சா?"

"அரைமணி தாங்கட்டும். அப்புறம் வெடிக்கட்டும்."

அம்மாவிடம் கடைக்குப் போவதாகச் சொன்னோம். கடைக்கு எதற்குத் தம்பூரா என்று அம்மா கேட்டாள். தந்தி மாற்ற வேண்டும் என்றேன். பொய்யில் எனக்கு அனுபவம் உண்டு. அச்சிலேயே வந்திருக்கிறது.

அக்கா எடுத்துக்கொண்ட ராகம் அமிர்தவர்ஷிணி. அதைப் பாடினால் மழை கொட்டும் என்பார்கள். அக்கா பாடி இதுவரை வந்ததெல்லாம் மாடி வீட்டுக்காரர்தான், கதவைத் தட்டிக்கொண்டு. அந்த வருடம் மழை சுத்தமாக ஏமாற்றியிருந்தது. தண்ணீர் லாரி திரும்பும் சத்தம்தான் எங்கள் தெருவில் இடிச் சத்தம்.

பதிவுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. படியிறங்கிப் போனால் இரண்டு அறைகள். வெளி அறையில் கம்ப்யூட்டர், வரிசையாகப் பொத்தான்கள், இரண்டு நாற்காலிகள். உள் அறையில் ஒரு கம்பளம், ஒரு மைக். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே தடித்த கண்ணாடி. உள் அறைக் கதவைச் சாத்தினால், நம் காதை யாரோ உள்ளங்கையால் பொத்தியது போல இருக்கும். ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்பதைக் கைக்கடிகாரத்தை நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலிப்பதிவாளருக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தவர் போல அளந்து பேசினார். மனதுக்குள் அவருக்கு 'சைலன்ஸ்' என்று பெயர் வைத்தேன்.

"ஒரு தடவை பாடிக் காட்டுங்க. லெவல் வைக்கணும்" என்றார்.

அக்கா மறுத்துத் தலையாட்டினாள். காற்றாகவே பேசினாள். "டேக்லதான் பாடுவேன். முன்னாடியே குரலைச் செலவு பண்ண மாட்டேன்."

"லெவல் தெரியாம எப்படிங்க?"

"டேய், நீ போய்ப் பாடு."

நான் போய் ஹெட்போனை மாட்டி, மைக் முன்னால் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாட்டை ராகமாகப் பாடினேன். ஏழு பதினாறு வருவதற்குள் காதுக்குள் சைலன்ஸின் குரல் வந்தது. "போதும் தம்பி. மைக் எங்களுக்கு வேணும்."

ஆக, அக்காவின் குரலை அன்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு மாதமாக அதை யாரும் கேட்டிருக்கவும் இல்லை. அவள் உட்பட.

பாட்டுக்கு முன்னால் வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்வார்களாம். அறைக்கென்று ஒரு மௌனம் உண்டு, அது தெரிந்தால்தான் பாட்டிலிருந்து அதைப் பிரிக்க முடியும் என்றார் சைலன்ஸ். உள்ளே யாரும் இல்லை. எனக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தார்.

மழை பெய்துகொண்டிருந்தது.

தூறல் இல்லை. நல்ல கனத்த மழை. ஓட்டின் மீதும் இலை மீதும் விழுந்து வழிகிற மழை.

"அண்ணே, வெளிய மழை வந்துடுச்சு" என்று சந்தோஷமாகப் படியேறி ஓடினேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாய் அதே இடத்தில் கிடந்தது. தரை பொரிந்தது.

இறங்கி வந்தேன். "மழை இல்லையேண்ணே."

"ஒயர்" என்றார். ஒரு ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். சத்தம் நின்றுவிட்டது. எல்லா இடத்திலும் பழியைச் சுமக்க ஓர் அப்பாவி ஜீவன் உண்டு. அங்கே ஒயர். எங்கள் கல்லூரியில் நான்.

அக்கா உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தம்பூராவை நிமிர்த்தி, தந்திக்கு அடியில் இருக்கும் நூலை நகர்த்தி நகர்த்திச் சுருதி சேர்த்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். கண்ணை மூடினாள். சைலன்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து சிவப்பு விளக்கைப் போட்டார்.

மணி மூன்று பத்து.

முதல் ஷட்ஜம் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தால் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. முன்பு அக்காவின் குரலில் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கும். அது போயிருந்தது. கொஞ்சம் கனத்திருந்தது, ஈரம் பட்ட மண் மாதிரி. டாக்டருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். இந்தத் தடவை அந்தத் தேர்வுக் குழுவினர் வருந்த வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சில நிமிடங்கள் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் வாயும் ஹெட்போனில் வரும் சத்தமும் ஒட்டவில்லை. மொழிமாற்றுப் படம் பார்ப்பது மாதிரி ஒரு நூலிழை விலகியிருந்தது.

"அண்ணே, வாயும் சத்தமும் சேரலையே."

"கம்ப்யூட்டர். கொஞ்சம் லேட்டாத்தான் குடுக்கும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. கம்ப்யூட்டர் தாமதித்தால் வாய் முதலிலும் சத்தம் பிறகும் அல்லவா வர வேண்டும்?

இங்கே சத்தம் முதலில் வந்தது. வாய் பின்னால் போனது.

சைலன்ஸிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. திரையில் ஓடிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா மூச்சு எடுக்கலை தம்பி."

"அப்படின்னா?"

"பாடறவங்க மூச்சு இழுக்கிற சத்தத்தை வெட்டறதுதான் என்னோட பாதிப் பொழப்பு. எவ்வளவு பெரிய வித்வானா இருந்தாலும் எங்கயாவது மூச்சு இருக்கும். இங்க பாருங்க." கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "ஆரம்பிச்சதுலேருந்து ஒண்ணுகூட இல்ல."

"நல்லதுதானே? வெட்டற வேலை மிச்சம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மூன்று இருபத்தைந்து. மழை திரும்பி வந்தது.

முதலில் எங்கோ தூரத்தில். பிறகு பக்கத்து அறையில். குரல் கீழ் ஸ்தாயிக்குப் போனால் மழை குறைந்தது. காந்தாரத்தைத் தாண்டி மத்தியமத்துக்கு ஏறினால் மழையும் ஏறியது. சைலன்ஸ் ஒயரைப் பிடித்து ஆட்டினார். நிற்கவில்லை. பிடுங்க முடியாது. பிடுங்கினால் டேக் போய்விடும். டேக் போனால் அக்காவின் தொண்டை இன்னொன்றைத் தாங்காது.

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். வெளி அறையில் மழைச் சத்தமே இல்லை. மாட்டினால் கொட்டியது.

"நிறுத்திரலாமாண்ணே?"

"அவங்க இதுக்குத்தானே வந்திருக்காங்க. முடியட்டும். மழையை அப்புறம் பாத்துக்கலாம்."

கண்ணாடி மங்கத் தொடங்கியது.

மழை நாளில் பஸ் ஜன்னல் மங்குமே, அப்படி. கீழிருந்து மேலாக, உள்பக்கமாக. தம்பூராவின் குடம் மறைந்தது. அக்காவின் மடி மறைந்தது. முகம் மறைந்தது. ஏசியை அணைத்திருப்பதால் உள்ளே வேர்க்கிறது என்று சொன்னார் சைலன்ஸ். சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

நானும் தொட்டேன். பனிக்கட்டி.

மூன்று முப்பத்திரண்டு. திரையில் இருபத்திரண்டு நிமிடம் ஓடியிருந்தது.

குரல் மேல் ஷட்ஜத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அசைவில்லை. மூச்சில்லை. தம்பூராவின் நாதம் மட்டும் விழுந்து விழுந்து எழுந்தது... மழை...

அப்போது கண்ணாடியில் ஒரு கை.

உள்ளே இருந்து. ஐந்து விரலும் விரிந்த கை. பனியைத் துடைத்தது.

அக்கா.

எழுந்து வந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். மைக் அவளுக்குப் பின்னால் இருந்தது.

அவள் வாய் மூடியிருந்தது.

பாட்டு நிற்கவில்லை.

தம்பூராவும் நிற்கவில்லை. நான்கு தந்தியும், ஒன்றன்பின் ஒன்றாக, பிசகாமல்...

அக்காவின் இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தன.

சைலன்ஸின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

தலையை ஆட்டினாள்.

வேண்டாம் என்று.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, மறுபடியும் ஆட்டினாள். அழுதுகொண்டே ஆட்டினாள். சைலன்ஸ் என்னைப் பார்த்தார். அவள் என் அக்கா. நான் சொன்னால் அவர் நிறுத்துவார். கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துவிடலாம். மேடை போய்விடும். எல்லாம் போய்விடும்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பொத்தானிலிருந்து நகர்த்தினேன்.

எட்டு நிமிடம்.

அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் துடைத்த இடம் அவள் முகம் அளவுக்குத்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் வெறும் வெண்மை. நானும் அவள் தோளுக்கு மேலே பார்க்கவில்லை. அவள் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கண்ணை.

காதுக்குள் அமிர்தவர்ஷிணி பெய்தது. அப்படி ஓர் ஆலாபனையை நான் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் வேண்டாம்.

சரியாக முப்பதாவது நிமிடம் ஷட்ஜத்தில் வந்து முடிந்தது. தம்பூரா ஓய்ந்தது. மழை விட்டது, குழாயை மூடியது போல.

பிறகு, பாட்டு முழுக்கக் கேட்காத ஒன்று, என் இரண்டு காதிலும் ஒட்டிக் கேட்டது.

யாரோ ஒரு மூச்சு இழுத்தார்கள்.

கதவைச் சைலன்ஸ்தான் திறந்தார். அக்கா வெளியே வந்தாள். உள்ளே யாரும் இல்லை. தம்பூரா கம்பளத்தின் மேல் ஒழுங்காகப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

"தொண்டை அடைச்சுது. நிறுத்திட்டேன்." வெறும் காற்று. "நான் நிறுத்தினேன்டா. அது நிறுத்தலை."

சைலன்ஸ் பதிவை ஒலிபெருக்கியில் போட்டார். மழைச் சத்தம் துளிகூட இல்லை. கடைசி மூச்சும் இல்லை. குரலும் தம்பூராவும் மட்டும், சுத்தமாக, முதலிலிருந்து கடைசி வரை ஒரே குரலாக இருந்தன. எங்கே அக்கா நிறுத்தினாள், எங்கே மற்றது தொடங்கியது என்று தையல் தெரியவில்லை.

"அண்ணே, இந்த ரூம்ல முன்னாடி யாராவது..."

"யாரும் சாகலை தம்பி" என்றார், நான் முடிப்பதற்குள். "பத்து வருஷமா பல்பொடி விளம்பரம்தான் எடுக்கறோம்."

பதிவைப் போனுக்கு மாற்றி முடித்தபோது மணி ஐந்தே கால். அக்கா போனை என் பக்கம் நகர்த்தினாள். "அனுப்பு."

"இது நீ பாடினது இல்லக்கா."

"இருபத்திரண்டு நிமிஷம் நான்தான் பாடினேன்." காற்றிலும் அழுத்தம் கொடுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. "முக்கால்வாசி என்னுது. அனுப்புடா."

அனுப்பினேன். நீங்களாக இருந்தாலும் அனுப்பியிருப்பீர்கள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால்.

மறுநாள் காலை டாக்டர் மெல்லிய குழாயை அக்காவின் மூக்கு வழியாக விட்டார். திரையில் அவள் தொண்டை தெரிந்தது. வெளுத்த இரண்டு பட்டைகள், கதவு மாதிரி.

"ஆ சொல்லுங்க."

காற்று வந்தது.

"ஈ சொல்லுங்க."

காற்று.

டாக்டர் குழாயை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார். "நடுவுல பாடிகீடிப் பாக்கலையே?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

"பாடியிருக்கவும் முடியாது." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்த ரெண்டும் நடுவுல வந்து தொடணும். தொட்டாத்தான் சத்தம். தழும்பு ரெண்டையும் பிடிச்சு வெச்சிருக்கு. தொடவே இல்ல. இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது."

"நேத்துதான் இப்படி ஆயிருக்குமா டாக்டர்? நேத்து மத்தியானம் மாதிரி?"

"நேத்தா? இது பழைய தழும்புப்பா. ஆபரேஷன் முடிஞ்சு முதல் பத்து நாளுக்குள்ளயே இப்படி இறுகியிருக்கணும். அப்போலேருந்து இவங்களால ஒரே ஒரு 'ச'கூட எடுத்திருக்க முடியாது."

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. நகம் இறங்கியது.

இருபத்திரண்டு நிமிடம். முதல் ஷட்ஜத்திலிருந்தே.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. வருந்தவில்லை. தேர்வுக் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தது. அம்மா அழுதாள். மாடி வீட்டுக்காரர்கூட வந்து வாழ்த்திவிட்டுப் போனார். டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அக்கா மௌன விரதத்தை விழா வரை நீட்டித்திருப்பதாக அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். நேற்று அக்கா பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிதானமாக, மடிப்புக் கலையாமல்.

"போக வேண்டாங்கா. முடியலைன்னு எழுதிடலாம். உடம்பு சரியில்லைன்னா தப்பா நினைக்க மாட்டாங்க."

தலையாட்டி மறுத்தாள்.

"மேடைல எப்படிப் பாடுவ?"

"வாயசைச்சா போதும்."

"அங்க அது வரலைன்னா?"

அக்கா அடுக்குவதை நிறுத்தினாள். நான் என்னவோ சின்னப் பிள்ளைத்தனமாகக் கேட்டுவிட்டது போலப் பார்த்தாள். குனிந்து, என் காதருகே, அந்தக் காற்றுக் குரலில் சொன்னாள்.

"அது என்னை விட்டுப் போனாத்தானேடா வர்றதுக்கு."